பெரியவரும் பெருசும்

பொம்மிடி ரயில் நிலையத்தில் காலை வண்டிக்குக் காத்திருக்கும் எழுபது வயதுக்காரர் ஒருவரோடு கூடவே போனால், சேலத்தில் இறங்குவதற்குள் அவர் ஐந்தாறு பெயர்களுக்குத் திரும்பிப் பார்ப்பதைக் காணலாம். டீக்கடைக்காரர் "பெரியவரே, சர்க்கரை போடலாமா?" என்பார். டிக்கெட் வரிசையில் பின்னால் நிற்பவர் "அய்யா, கொஞ்சம் சீக்கிரம்" என்பார். பெட்டிக்குள் ஏறியதும் கல்லூரிப் பையன்கள் "பெருசு, கொஞ்சம் தள்ளி உக்காரு" என்பார்கள். இடுப்பில் குழந்தையோடு நிற்கும் பெண் "தாத்தாவுக்கு டாட்டா சொல்லு" என்று பிஞ்சுக் கையைப் பிடித்து ஆட்டுவாள். லோக்கூர் தாண்டுவதற்குள் தோளில் பையோடு ஒருவர் "அங்கிள்" என்றிருப்பார். இடத்துக்குச் சண்டை வந்தால் முதுகுக்குப் பின்னால் "கெழம்" என்ற சொல்லும் கேட்கும்.

வயது ஒன்றுதான், மனிதரும் ஒருவர்தான். மாறியது கூப்பிட்டவர்கள் தாங்கள் நிற்கும் இடத்துக்கும் அவருக்கும் நடுவே வைத்த தூரம். முதியவர்களைக் குறிக்கத் தமிழில் புழங்கும் பேச்சுச் சொற்களை அகராதி வரிசையில் அடுக்கினால் அவை ஒன்றுக்கொன்று மாற்றுச் சொற்கள் போலவே தோன்றும். பேச்சில் அப்படி இல்லை. 'பெரியவர்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'பெருசு' என்று சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. அதேபோல, முப்பது வருடம் ஒன்றாகச் சீட்டாடிய நண்பனைத் திடீரென்று 'பெரியவரே' என்று கூப்பிட்டால் அவன் முகம் வாடிவிடும்.

இந்த வேறுபாட்டின் திறவுகோல் இலக்கணத்தில் இருக்கிறது. கிழவன், கிழவர் உயர்திணைச் சொற்கள். கிழம், கிழடு அஃறிணை. பெரியவர் உயர்திணை, பெருசு அஃறிணை. பழசு, புதுசு, நல்லது, கெட்டது என்று மாட்டையும் மண்வெட்டியையும் சொல்லும் அதே அச்சில் வார்த்த சொல்தான் பெருசு. சொல் மாறியதும் வினையும் கூடவே மாறிவிடுகிறது. 'பெரியவர் என்ன சொல்றார்?' என்பது 'பெருசு என்ன சொல்லுது?' என்று ஆகிறது. 'கிழவர் தூங்கவில்லை' என்பது 'கெழம் இன்னும் தூங்கலை' என்று ஆகிறது. ஆங்கிலத்தில் முதியவரை இழிவாகச் சொல்ல ஒரு தனி வசவுச் சொல் வேண்டும். தமிழனுக்கு அது தேவையில்லை. விகுதியைக் கழற்றினால் போதும்.

ஆனால் அஃறிணை என்றாலே இழிவு என்று முடிவுகட்டிவிடக் கூடாது. தொட்டில் பிள்ளையையும் நாம் அப்படித்தான் பேசுகிறோம்: 'குழந்தை சிரிக்குது', 'அது பசிக்கு அழுவுது'. இளசு, சிறுசு என்னும் சொற்களும் பெருசின் உடன்பிறப்புகளே. பவணந்தி முனிவர் 'நன்னூல்' இலக்கணத்தில் இதைக் கவனித்து ஒரு விதியே வகுத்திருக்கிறார். மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, கோபம், இழிவு ஆகிய ஐந்து காரணங்களால் பேசுவோர் திணையையும் பாலையும் மாற்றிச் சொல்வது இயல்புதான் என்பது அவர் கருத்து. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் வகுத்த அந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய டீக்கடைப் பேச்சைக் கேட்டால் ஐந்தும் அங்கே இருக்கின்றன. பேரன் பிறந்த சேதி கேட்டு ஆடும் கிழவரைப் பார்த்து 'பெருசுக்குக் கால் தரையில நிக்கல' என்றால் அது மகிழ்ச்சி. 'இந்த ஊரு நெலவரம் தெரியணும்னா பெருசைத்தான் கேக்கணும்' என்றால் உயர்வு. 'அந்தப் பெருசு கட்டுன ஏரிக்கரைடா இது' என்றால் சிறப்பு. 'பெருசுக்கு வேற வேலை இல்ல' என்றால் கோபம். 'ஏய் பெருசு, நகரு' என்பதில் இருப்பது கடைசி வகை. ஒரே மூன்றெழுத்துச் சொல், குரல் ஏறி இறங்குவதை வைத்துத்தான் அது வாழ்த்தா வசவா என்று தெரியும்.

'கிழவன்' என்ற சொல்லின் வரலாறு இன்னும் கனமானது. தொல்காப்பியத்தில் கிழவன் என்றால் வயதானவன் இல்லை, உரியவன். கிழமை என்றால் உரிமை. அகப்பாட்டின் தலைவன் கிழவன், தலைவி கிழத்தி. இருவரும் காதலிக்கும் வயதில் இருப்பவர்கள். நிலத்துக்கு உரியவர் நிலக்கிழார். கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார், அரிசில் கிழார் என்று சங்கப் புலவர்கள் பலர் ஊருக்கு உரியவர்களாகவே பெயர் பெற்றிருக்கிறார்கள். என்றும் இளையவன் என்று தமிழர் கொண்டாடும் முருகனே மலை நிலத்துக்கு உரியவன் என்ற பொருளில் குறிஞ்சிக் கிழவன். அதே முருகன் வள்ளியைத் தேடித் தினைப்புனத்துக்கு நரைத்த தலையோடு விருத்தனாக வந்தான் என்று புராணம் சொல்கிறது. சொல்லின் இரண்டு பொருளும் ஒரே கடவுளிடம் வந்து சேர்ந்துகொண்டதைப் போல.

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இராமநாதபுரத்தை ஆளத் தொடங்கி 1710இல் மறைந்த ரகுநாத சேதுபதியை மக்கள் 'கிழவன் சேதுபதி' என்றார்கள். படை நடத்திய மன்னருக்கு அந்தப் பெயர் இழுக்காகத் தோன்றவில்லை. இன்று ஒரு சட்டமன்ற உறுப்பினரை அப்படி அழைத்துப் பார்த்தால் காவல் நிலையம் வரை போக வேண்டியிருக்கும்.

உரியவன் என்ற சொல் எப்படி உதிர வேண்டியவன் என்ற தொனிக்கு வந்தது? மொழியியலார் பல வழிகளைச் சொல்லலாம். கிராமத்துப் பாகப்பிரிவினை ஒன்றைப் பக்கத்தில் இருந்து பார்த்தவருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. பட்டா அப்பன் பெயரில் இருக்கும்வரை அவர் 'பெரியவர்', 'அய்யா'. மகன்கள் பெயருக்கு மாறிய மறுவருடம் திண்ணையில் இருப்பது 'கெழம்'. சொல்லில் இருந்த உரிமை கழன்று விழ, வயது மட்டும் மிச்சமாக நிற்கிறது. படுகிழம், தொண்டுக்கிழம், கிழட்டுப் பயல், கிழட்டு நரி, 'கெழபோல்ட்டு' என்று அதன்பின் வரும் அடைகள் எல்லாம் உரிமை போனவன் மேல் ஒட்டியவை.

'பெரு' என்ற வேரோ இன்றுவரை இரண்டு திசையிலும் ஓடுகிறது. 1938 நவம்பரில் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு ஈ.வெ.ராமசாமிக்கு 'பெரியார்' என்று பட்டம் கொடுத்தது. காஞ்சி சந்திரசேகரேந்திர சரஸ்வதியை அவருடைய அடியார்கள் 'மகா பெரியவா' என்றார்கள். கொள்கையில் எதிரெதிர்த் துருவங்களாக நின்ற இருவரையும் தமிழர்கள் ஒரே வேர்ச்சொல்லால் அழைத்திருக்கிறார்கள் என்பது நின்று யோசிக்க வேண்டிய செய்தி. ஊர் வழக்குகளைத் தீர்த்துவைத்த பதவிக்குப் பெயர் பெரியதனம். அதே வேரிலிருந்துதான் பெருசும் கிளைத்தது. 2025 மார்ச்சில் 'பெருசு' என்ற பெயரிலேயே ஒரு தமிழ்ப் படம் வந்தது. இலங்கை இயக்குநர் இளங்கோ ராம் தம்முடைய சிங்களப் படத்தையே தமிழில் மறுபடியும் எடுத்திருந்தார். இறந்துபோன தந்தையின் உடலை ஊரார் முன் எப்படி வைப்பது என்று குடும்பம் தவிக்கும் நகைச்சுவை அது. தலைப்புக்கு 'பெரியவர்' என்று வைத்திருந்தால் படம் வேறு குரலில் பேசியிருக்கும்.

உறவுப் பெயர்களுக்கு வந்தால் நிலப்படமே மாறிவிடுகிறது. கொங்கில் அப்பாவின் அப்பா அப்பாரு, அம்மாவின் அப்பா அப்புச்சி. செட்டிநாட்டில் ஐயா. நெல்லையிலும் நாஞ்சில் நாட்டிலும் சில குடும்பங்களில் போத்தி, சிலவற்றில் பாட்டையா. நாடகக் கலைஞரும் எழுத்தாளருமான பாரதி மணியை இலக்கிய நண்பர்கள் 'பாட்டையா' என்றே அழைத்தார்கள். 2021இல் அவர் மறைந்தபோது எழுதிய அஞ்சலிகளிலும் அந்தப் பெயர்தான். யாழ்ப்பாணத்தில் அப்பு என்றால் தாத்தா, வழியில் எதிர்ப்படும் முதியவரும் அப்பு, செல்லமாகக் கூப்பிடும்போது சின்னப் பையனும் அப்பு. தேனி, மதுரைப் பக்கத்தில் சீயான். 1999இல் வந்த 'சேது' படத்தில் கதாநாயகனின் பட்டப்பெயராக ஒலித்த சீயான் பிறகு நடிகர் விக்ரமுக்கே அடைமொழியாக நிலைத்துவிட்டது. 2020இல் முதியவர்களின் கதையாக 'சீயான்கள்' என்ற படம் வந்தபோதுதான் பல ஊர்க்காரர்களுக்கு அந்தச் சொல்லின் உண்மையான வயது தெரிந்தது.

பொம்மிடி நிற்கும் தருமபுரி மாவட்டம் மூன்று மொழிகள் உரசிக்கொள்ளும் இடம். பாப்பிரெட்டிப்பட்டி, புட்டிரெட்டிப்பட்டி என்று சுற்றியுள்ள ஊர்ப் பெயர்களே அதைச் சொல்கின்றன. தெலுங்கு பேசும் வீட்டில் தகப்பனார் நைனா, பாட்டி அவ்வா. கன்னடம் பேசும் வீட்டில் தாத்தா அஜ்ஜா. தமிழ் வீட்டுத் தாத்தா மட்டும் மூன்று மொழிக்கும் பொது. தெலுங்கிலும் கன்னடத்திலும் அவர் 'தாத'. இந்த அவ்வாவைக் கேட்டதும் அதியமான் நினைவுக்கு வராமல் போகாது. இன்றைய தருமபுரிதான் அவனுடைய தகடூர். நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்தான் என்று சங்கப் பாடல் பேசுகிறது. ஔவை என்பதே தாயை, மூத்தவளைக் குறிக்கும் சொல்தான். ஒருவர் முதுமை எய்த வேண்டும் என்று ஒரு தலைவன் விரும்பிச் செயல்பட்ட கதையைச் சொந்தமாக வைத்திருக்கும் மண் இது.

நைனா சென்னைக்குப் போய்ச் சேர்ந்ததும் வயதையே உதறிவிட்டது. 'இன்னா நைனா' என்றால் எதிரில் இருப்பது இருபது வயதாகவும் இருக்கலாம். கரிசல் காட்டிலோ அது நேர் எதிராக வளர்ந்தது. வட்டார வழக்குச் சொற்களுக்கு அகராதி தொகுத்த கி.ராஜநாராயணனை வாசகர்களும் எழுத்தாளர்களும் 'நைனா' என்று அழைத்தார்கள். பெற்ற தகப்பனுக்கு உரிய வீட்டுச் சொல்லை ஒரு எழுத்தாளருக்குக் கொடுத்தது அந்த வட்டாரத்தின் அன்பு.

தருமபுரியில் 'அய்யா'வுக்கு ஒரு கூடுதல் பொருளும் உண்டு. பாட்டாளி மக்கள் கட்சி இங்கே வலுவாக வேரூன்றியது. கட்சியின் நிறுவனர் ராமதாஸை 'அய்யா' என்றும், தருமபுரி மக்களவை உறுப்பினராகவும் இருந்த அவருடைய மகன் அன்புமணியை 'சின்னய்யா' என்றும் தொண்டர்கள் அழைத்துப் பழகியவர்கள். 2025இல் தந்தைக்கும் மகனுக்கும் நடுவே கட்சித் தலைமை பற்றிய பிணக்கு வெளியே வந்தது. ஒரு வீட்டின் மூப்பு வரிசையைக் குறித்த இரண்டு சொற்கள் அதோடு இரண்டு அணிகளின் பெயர்களாகப் பேச்சில் மாறிப்போயின.

சொல்லைப் பற்றி எழுதும்போது சொல் மறுக்கப்பட்டவர்களை விட்டுவிட்டால் கணக்கு நேராகாது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் வயதால் வரும் மரியாதை எல்லாருக்கும் ஒரே அளவில் பங்கிடப்பட்டதில்லை. எழுபது வயதுத் தலித் முதியவரைப் பேரன் வயதுப் பையன் பெயர் சொல்லி 'வாடா' என்று கூப்பிட, அவர் 'சாமி' என்று பதில் சொன்ன காலம் தொலைதூரத்தில் இல்லை. சில இடங்களில் அது இன்னும் கடந்த காலமாகவே ஆகவில்லை. அங்கே தாத்தாவும் இல்லை, பெரியவரும் இல்லை, கேலியாகச் சொல்லும் பெருசு கூட இல்லை. மூப்பு என்ற ஒன்று அவருக்கு வந்ததாகவே ஊர் ஒப்புக்கொள்ளவில்லை. வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்து ஒடுக்கப்பட்டோருக்காகப் பேசிய ரெட்டைமலை சீனிவாசனை அவருடைய மக்கள் 'தாத்தா' என்று அழைத்ததையும், இன்றும் அப்படியே எழுதுவதையும் இந்தப் பின்னணியில் வைத்துத்தான் படிக்க வேண்டும். உ.வே.சாமிநாதையருக்குத் 'தமிழ்த் தாத்தா' என்பது நன்றியால் வந்த பட்டம். சீனிவாசனுக்கு வந்ததில் நன்றியோடு சேர்ந்து, பறிக்கப்பட்ட ஒரு சொல்லை மீட்ட பெருமிதமும் இருக்கிறது.

சொல் கைவிட்ட பிறகு மனிதரும் கைவிடப்படலாம். தென் மாவட்டங்கள் சிலவற்றில், படுக்கையில் விழுந்த முதியவர்களுக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றி முடிவைச் சீக்கிரப்படுத்தும் தலைக்கூத்தல் பற்றிப் பத்திரிகைகள் பலமுறை எழுதியிருக்கின்றன. அதைக் கதையாக்கிய பிரியா கிருஷ்ணசாமியின் படம் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. படத்தின் பெயர் 'பாரம்'. முதியவரைக் குறிக்கும் அஃறிணைச் சொற்களில் இதைவிடக் கொடியது இல்லை. 'கெழம் இன்னும் கெடக்குது' என்ற பேச்சைச் சாதாரணமாகக் காதில் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் அந்த 'கெடக்குது' என்ற வினையை ஒருமுறை உற்றுக் கேட்க வேண்டும். மூட்டை கிடக்கும், கட்டை கிடக்கும். மனிதர் படுத்திருப்பார்.

கடந்த கால் நூற்றாண்டில் வேகமாகப் பரவிய சொல் 'அங்கிள்'. அதற்கு ஒரு வெற்றிடம் காரணம். நாற்பத்தைந்து முதல் அறுபது வரையான ஆண்களுக்குத் தமிழில் பொதுவான விளிச்சொல் இல்லை. அண்ணன் என்றால் குறைகிறது, தாத்தா என்றால் அடிக்க வருவார்கள், மாமா என்றால் உறவுமுறைச் சிக்கல். அங்கிள் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. சிங்கப்பூரில் டாக்சி ஓட்டுநரையும் சாப்பாட்டுக் கடைக்காரரையும் சீனர், மலாய்க்காரர், தமிழர் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லாரும் அங்கிள் என்கிறார்கள். அங்கே அதில் குத்தல் கிடையாது. தமிழ்நாட்டில் அது நாளுக்கு நாள் முள்ளாகி வருகிறது. 2025 ஆகஸ்ட் 21 அன்று மதுரையில் நடந்த தமிழக வெற்றிக் கழக மாநாட்டில் 51 வயது விஜய், 72 வயது முதலமைச்சர் மு.க.ஸ்டாலினை 'அங்கிள்' என்று விளித்துப் பேசினார். ஆளுங்கட்சியினர் அதை மரியாதைக் குறைவு என்று கண்டித்தார்கள், ஆதரவாளர்கள் அதில் என்ன தவறு என்று கேட்டார்கள். பல நாட்கள் தொலைக்காட்சி விவாதங்கள் அந்த ஒற்றைச் சொல்லைச் சுற்றி ஓடின. இரண்டு தரப்புக்கும் சொல் ஒன்றுதான். ஒரு தரப்பு காதில் விழுந்தது உறவு, இன்னொரு தரப்பு காதில் விழுந்தது 'உங்கள் காலம் முடிந்தது' என்ற சேதி.

அங்கிளுக்கு முன்னால் 'பூமர்' சேர்ந்துகொண்டது அதற்கும் முன்பே. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 1946 முதல் 1964 வரை பிறந்த அமெரிக்கத் தலைமுறையின் பெயர் அது. 2019 நவம்பரில் நியூசிலாந்து நாடாளுமன்றத்தில் பருவநிலை பற்றிப் பேசிக்கொண்டிருந்த இளம் உறுப்பினர் க்ளோயி ஸ்வார்ப்ரிக், குறுக்கிட்ட ஒருவரை 'ஓகே பூமர்' என்று ஒதுக்கிவிட்டுத் தொடர்ந்தார். அந்தத் தொடர் உலகைச் சுற்றியது. தமிழில் அது ஆண்டுக் கணக்கைத் தொலைத்துவிட்டது. அறிவுரை சொன்னால் முப்பது வயதுக்காரரும் 'பூமர் அங்கிள்'தான். கொரிய மொழியின் 'கொன்டே'வும் இப்படிப்பட்டதே. வயதைவிட, 'எங்க காலத்துல' என்று ஆரம்பிக்கும் பழக்கத்தைக் குறிப்பது. ஜப்பானியத்தில் ஒஜிசான் என்றால் நடுவயதுக்காரர், ஒஜீசான் என்றால் கிழவர். ஓர் உயிர் நெடிலானால் இருபது வருடம் கூடிவிடுகிறது. ஆங்கிலத்தின் 'கீசர்' அமெரிக்காவில் கிழவரைக் குறிக்கும், பிரிட்டனில் வெறும் ஆளைக் குறிக்கும்.

பூமர் என்ற சொல்லில் ஒரு நியாயம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். வயதைக் காட்டி வாயை அடைக்கும் வழக்கம் தமிழ் வீடுகளில் நீண்ட நாளாக உண்டு. கல்யாணம், படிப்பு, சொத்து என்று எதிலும் சிறுசுகள் எதிர்த்துப் பேச 'பெரியவங்க சொன்னா கேக்கணும்' என்ற வாக்கியம் இடம் வைக்கவில்லை. பேச இடம் இல்லாதவர்கள் சொல்லில் இடம் தேடிக்கொண்டார்கள். ஆனால் தனக்கு அதிகாரம் எதுவும் இல்லாத, பிள்ளைகள் போடும் சோற்றுக்குக் காத்திருக்கும் முதியவர் மேல் அதே சொல்லை எறியும்போது அந்த நியாயம் செத்துப்போகிறது.

முதியவர்களே தங்களுக்குள் இதைக் கையாளும் விதம் தனி. 2024 ஆகஸ்டில் சென்னையில் நடந்த நூல் வெளியீட்டு விழாவில் ரஜினிகாந்த், தி.மு.க.வின் மூத்தவர்களை வகுப்பை விட்டுப் போகாத பழைய மாணவர்கள் என்று சொல்லி அரங்கைச் சிரிக்க வைத்தார். பல் போன நடிகர்களால் இளைஞர்களுக்கு வாய்ப்பு இல்லை என்று அந்த மூத்தவர்களில் ஒருவரான துரைமுருகன் மறுநாள் திருப்பிக் கொடுத்தார். பிறகு நட்பு தொடர்கிறது என்று இருவரும் சொன்னார்கள். 'கிழவா' என்று கூப்பிடும் உரிமை இன்னொரு கிழவனுக்கு உண்டு. நாற்பது வருடம் சேர்ந்து வாழ்ந்த மனைவிக்கு அதைவிடக் கூடுதலாக உண்டு. 'எங்க வீட்டுக் கெழவன்' என்று அவள் சொல்வதில் கிழமை என்ற பழைய பொருள் அப்படியே இருக்கிறது.

அரசாங்கத்தின் சொல் 'மூத்த குடிமக்கள்'. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 60 வயதை எல்லையாக வைத்தது. ரயிலில் 60 வயது ஆண்களுக்கு இருந்த 40 சதவீதக் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. மரியாதையான பெயர் மட்டும் படிவங்களில் தங்கியிருக்கிறது. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர் 60 வயதைக் கடந்தவர். ஆனால் யாரும் யாரையும் வாசலில் நின்று 'மூத்த குடிமகனே' என்று கூப்பிடுவதில்லை. மாதாமாதம் வரும் முதியோர் உதவித்தொகைக்கும் ஊரில் 'ஓஏபி பணம்' என்றுதான் பெயர்.

பழைய வீடுகளில் இன்னொரு வழக்கம் உண்டு. தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள். பெயரைச் சுமப்பவன் என்பதால்தான் அவன் பெயரன், பேரன். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதால் பிள்ளைக்கு வைத்த அந்தப் பெயரையும் அவள் சொல்வதில்லை. 'சாமி', 'ராசா', 'பெரியவனே' என்று வேறு எதையாவது வைத்துக் கூப்பிடுவாள். மாமனாரைக் குறிக்கவும் அவளிடம் பெயர் இல்லை. சாயங்கால வண்டியில் பொம்மிடி திரும்பி, காலைக் கழுவிக்கொண்டு திண்ணையில் உட்காரும் அந்த எழுபது வயதுக்காரருக்கு அன்றைய கடைசி விளி உள்ளிருந்து வருகிறது. அதில் தாத்தாவும் இல்லை, பெரியவரும் இல்லை. அடுப்படியிலிருந்து மருமகள் பிள்ளையிடம் சொல்கிறாள்: "சாப்பிட வர்றாங்களானு கேளு."